பெரெனியலிசத்துக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எட்., டெட் தேர்வு எழுதுவோருக்காகத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வந்த குறிப்பில், கல்வித் தத்துவங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் தந்திருந்தீர்கள். பெரெனியலிசத்துக்கு நேராக, ‘பழம்பெரும் நூல்களை ஆசிரியர் விளக்க, மாணவர் மனத்தில் இருத்திக்கொள்ளும் ஆசிரியர் மையக் கல்வி’ என்று இருந்தது. கடையில் விற்கும் கைடுகளிலும் ஏறக்குறைய இதே வரிதான். இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் அதை நம்பி வகுப்புக்குள் போகிற ஆசிரியர், அந்தத் தத்துவத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டுதான் போகிறார். கடிதம் நீண்டுவிட்டது. சுருக்கினால் மறுபடியும் ஒரு வரியில்தான் போய் நிற்கும் என்பதால் அப்படியே அனுப்புகிறேன்.

தமிழில் இதை நிலைபேறுவாதம் என்று எழுதுகிறோம். நியாயம் எது, நட்பு எதுவரை, சட்டத்தை மீறலாமா, எண் என்றால் என்ன என்று மனிதர் எந்தக் காலத்திலும் கேட்டுத் தீர வேண்டிய சில கேள்விகள் உண்டு. அவற்றோடு ஆழமாக மல்லுக்கட்டியவர்கள் எழுதிவைத்த மூல நூல்களை, இடையில் யாருடைய சுருக்கமும் இல்லாமல் மாணவரே படிக்க வேண்டும். படித்ததைச் சக மாணவரோடு வாதாடிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பெரெனியலிசம். கைடு முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. விட்டுப்போன பாதியில்தான் அதன் உயிரே இருக்கிறது.

இதன் வேர் அமெரிக்காவில். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியர் ஜான் எர்ஸ்கின் 1920இல் தொடங்கிய வகுப்பில் வாரம் ஒரு நூல், மாலையில் இரண்டு மணி நேரப் பேச்சு, மேசைக்கு இரண்டு ஆசிரியர்கள். இருவர் இருந்தால் ஒருவர் சொல்வதே தீர்ப்பாகிவிடாது. அந்த வகுப்பில் படித்த மார்ட்டிமர் ஆட்லரை, 1929இல் முப்பதே வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவரான ராபர்ட் ஹட்சின்ஸ் தம்மிடம் அழைத்துக்கொண்டார். மறு ஆண்டே இருவரும் சேர்ந்து முதலாண்டு மாணவர்களுக்கு இதே பாணியில் வகுப்பு நடத்தத் தொடங்கினார்கள். 1937இல் மேரிலாந்து மாநிலத்தின் அனாபொலிஸ் நகரில், கடனில் மூழ்கி மூடும் நிலையில் இருந்த செயின்ட் ஜான்ஸ் கல்லூரியை ஸ்ட்ரிங்ஃபெல்லோ பாரும் ஸ்காட் புக்கானனும் ஏற்று, நான்கு ஆண்டுப் பாடத்திட்டம் முழுவதையும் இதன்மேல் கட்டினார்கள். அது இன்றும் நடக்கிறது. 1964 முதல் சான்டா ஃபே நகரிலும் நடக்கிறது. பெரெனியலிசம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

நம் கல்லூரிகளில் ‘செமினார் எடுக்கிறேன்’ என்றால், ஒரு மாணவர் முன்னால் நின்று பவர்பாயின்ட்டைப் பார்த்து வாசிக்கிறார், மற்றவர்கள் இன்டர்னல் மார்க்குக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். செயின்ட் ஜான்ஸில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. திங்கள், வியாழன் இரவுகளில் ஒரு பெரிய மேசையைச் சுற்றி ஏறக்குறைய இருபது மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்கிறார்கள். ஆசிரியர்களுக்குப் பேராசிரியர் என்ற பட்டம் கிடையாது, எல்லாருமே டியூட்டர்கள். மாணவர்கள் ஒருவரையொருவர் திரு., செல்வி சேர்த்துக் குடும்பப் பெயரால் அழைக்கிறார்கள். வாதம் சூடேறும்போது மரியாதை குலையாமல் காக்கும் வேலி அது. அன்றைய பகுதியை எல்லாரும் படித்துவிட்டு, நூலைக் கையோடு கொண்டுவந்திருக்க வேண்டும். டியூட்டர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் தொடங்கிவைக்கிறார். அதற்குப் பிறகு பாடம் நடத்துவது கிடையாது. பேச்சு வழுக்கினால் ‘இதை எந்த வரியிலிருந்து சொல்கிறீர்கள்?’ என்று கேட்பார். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவரும் ஹோமரின் காவியம் படிக்கும் மேசையில் உட்கார வேண்டியிருக்கும். அங்கே அவர் நிபுணர் இல்லை, மாணவரைவிடச் சற்று அனுபவம் கூடிய வாசகர், அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டுக்கு ‘ஆசிரியர் மையம்’ என்று பெயர் வைக்க எப்படி மனம் வரும்?

அந்த ஒற்றைக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. பிளேட்டோவின் ‘குடியரசு’ முதல் புத்தகத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கெபாலஸ் என்ற பணக்கார முதியவர் பேசுகிறார். மறுவுலக பயம் வந்துவிட்ட இந்த வயதில், யாரையும் ஏமாற்றாமல், கடவுளுக்குப் பலிக் கடனும் மனிதருக்குப் பணக் கடனும் பாக்கி வைக்காமல் போக முடிவதுதான் செல்வத்தின் பெரிய பயன் என்கிறார். ‘அப்படியென்றால் உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும்தான் நியாயமா?’ என்று சாக்ரட்டீஸ் பிடித்துக்கொள்கிறார். ஒரு நண்பர் தெளிவாக இருந்தபோது ஆயுதத்தைக் கொடுத்து வைத்தார். இப்போது புத்தி பேதலித்த நிலையில் வந்து திருப்பிக் கேட்கிறார். கொடுப்பது நியாயமா? கூடாது என்று கெபாலஸே ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்ட கொஞ்ச நேரத்தில், பலிச் சடங்கைக் கவனிக்கப் போக வேண்டும் என்று சிரித்தபடி எழுந்து போய்விடுகிறார். வாதம் மகன் பொலமார்க்கஸ் தலையில் விழுகிறது.

‘பிளேட்டோவின் நீதிக் கோட்பாட்டை விளக்குக’ என்று இங்கே கேட்டால், முதல் நாள் இரவு நோட்ஸ் படித்தவர் ஒப்பிப்பார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். ‘நியாயம் பற்றி உங்கள் கருத்து என்ன?’ என்றால் நூலைத் தொடாதவர்தான் அதிகம் பேசுவார். ‘கெபாலஸ் ஏன் அந்த இடத்தில் எழுந்து போகிறார்?’ என்று கேட்டுப் பாருங்கள். தோற்றுவிட்டதால் நழுவுகிறார் என்பார் ஒருவர். அவருக்கு வாதமே முக்கியம் இல்லை, பக்திதான் முக்கியம் என்பார் இன்னொருவர். சற்று நேரம் கழித்து மூன்றாமவர் பக்கத்தைப் பின்னால் புரட்டி, ‘பலி கொடுப்பதும் கடவுளுக்குக் கடன் தீர்ப்பதுதானே? சற்றுமுன் விழுந்துபோன அதே விளக்கத்தின்படிதான் அவர் எழுந்து போகிறாரா?’ என்று கேட்பார். இந்தக் கட்டத்தில் மேசையில் இருக்கிற எல்லாரும் நூலைத் திறந்துவிடுவார்கள்.

நல்ல தொடக்கக் கேள்விக்குச் சோதனை மூன்று. ஒன்று, கேட்கிறவருக்கே அதில் உண்மையான குழப்பம் இருக்க வேண்டும். இரண்டு, பாடத்திலிருந்தே ஆதாரம் காட்டக்கூடிய பதில்கள் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். மூன்று, படிக்காதவரால் பதில் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். 1947இல் சிகாகோவில் தொடங்கிய கிரேட் புக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, பெரியவர்களின் வாசிப்புக் குழுக்களை நடத்துவோருக்குப் பயிற்சி தரும்போது கேள்விகளை மூன்றாகப் பிரிக்கிறது: தகவல் கேள்வி, பொருள்காண் கேள்வி, மதிப்பிடும் கேள்வி. இந்த மூன்றில் நடுவில் உள்ள பொருள்காண் கேள்வியில்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். பொருள் தெளிவாகும் முன்பே ‘இது சரியா தவறா’ என்று மதிப்பிடத் தொடங்கினால் மேசை பட்டிமன்றம் ஆகிவிடும். பட்டிமன்றத்தில் யாரும் கட்சி மாற மாட்டார்கள். இங்கே கட்சி மாறுவதுதான் வேண்டியது. அந்த அமைப்பின் விதிகளும் எளியவை: படித்தவர் மட்டும் பேசலாம், எல்லாரும் படித்த பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது, சொல்வதற்குப் பாடத்திலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும், நடத்துபவர் கேள்வி மட்டுமே கேட்கலாம்.

கடைசி விதியில்தான் நம்மவர்கள் வழுக்குகிறோம். கேள்வி கேட்டு இரண்டு விநாடி அமைதி வந்தால் ஆசிரியரின் வாய் தானாகத் திறந்துவிடுகிறது. அமெரிக்க வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடியை ஒட்டித்தான் இருக்கிறது என்று 1970களில் எழுதினார். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீண்டன. அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். செமினாரில் மூன்று போதாது. மனத்துக்குள் இருபதுவரை எண்ணலாம். அமைதி தாங்க முடியாமல் யாராவது ஒருவர் பேசியே தீர்வார். அது நீங்களாக இருக்கக் கூடாது.

வேறு கோளாறுகளும் உண்டு. நடத்துபவர் மனத்தில் ‘சரியான விடை’ ஒன்றை மறைத்து வைத்திருந்தால் மாணவர்கள் நூலைப் பார்க்க மாட்டார்கள், அவர் முகத்தைப் பார்ப்பார்கள். புருவம் உயர்ந்தால் பதிலை மாற்றுவார்கள். நூலாசிரியர் வரலாறு, காலச் சூழல், இணையச் சுருக்கம் எதையாவது ஒருவர் கொண்டுவந்து கொட்டினால், மற்றவர்களால் சரிபார்க்க முடியாத ஒன்று மேசைக்கு வந்துவிடும். பேச்சு அங்கேயே செத்துப்போகும். ஆளுக்கொரு பதிப்பை வைத்திருந்தால் ‘எந்தப் பக்கம்?’ என்று தேடுவதிலேயே நேரம் கரையும். பிளேட்டோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலான மொழிபெயர்ப்புகளில் ஓரத்தில், பழைய பதிப்பு ஒன்றின் பக்கத்தைக் காட்டும் ஸ்டெஃபானஸ் எண் இருக்கும். மேலே சொன்ன ஆயுதக் கதையின் எண் 331. அரிஸ்டாட்டிலுக்கு அதுபோலவே பெக்கர் எண் உண்டு. இப்படி எண் இல்லாத பாடமானால் ஐந்து வரிக்கு ஒரு எண் போட்டு ஜெராக்ஸ் எடுத்துவிடுவது நல்லது. பாடம் எளிதாக இருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாரும் ஒத்துப்போய்விடுவார்கள். நீளமாக இருந்தால் ஆளாளுக்கு வேறு பக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

இலக்கியமும் தத்துவமும் சரி, கணக்குக்கு இது எப்படி என்று கேட்பார்கள். செயின்ட் ஜான்ஸில் நான்கு ஆண்டும் எல்லாருக்கும் கணக்கு உண்டு. முதலாண்டில் கிரேக்கர் யூக்ளிட்டின் வடிவக் கணித நூல். மாணவர் கரும்பலகைக்குப் போய், கையில் நூல் இல்லாமல் தேற்றத்தை நிறுவ வேண்டும். முதல் புத்தகத்தின் முதல் தேற்றம், ‘தரப்பட்ட கோட்டின்மேல் சமபக்க முக்கோணம் அமைத்தல்’. அ ஆ என்று ஒரு கோடு. அ மையமாக, அ ஆ ஆரமாக ஒரு வட்டம். ஆ மையமாக, ஆ அ ஆரமாக இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் புள்ளி இ. அ இ, ஆ இ இரண்டையும் சேர்த்தால் முடிந்தது. நம் பிள்ளைகள் காம்பஸ் வைத்து எட்டாம் வகுப்புக்குள் இதைப் போட்டுவிடுவார்கள். மேசையில் இருந்து ஒரு கேள்வி வருகிறது: ‘இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?’ படத்தில் தெரிகிறது என்று சொல்ல முடியாது. நிறுவல் என்றால் படத்தை நம்பக் கூடாது. யூக்ளிட் நிறுவாமலே ஏற்றுக்கொண்டு தொடங்கும் ஐந்து எடுகோள்களையும் புரட்டிப் பார்க்கிறார்கள். கோடு வரையலாம் என்று இருக்கிறது, நீட்டலாம் என்று இருக்கிறது, வட்டம் வரையலாம் என்று இருக்கிறது. இரு வட்டங்கள் சந்திக்கும் என்று எங்கேயும் இல்லை.

ஓட்டை உண்மையானது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகப் பாடநூலாக இருந்த நூலின் முதல் தேற்றத்திலேயே ஒரு படி விடுபட்டிருக்கிறது. வடிவக் கணிதத்தின் அடிப்படைகளை ஜெர்மன் கணித அறிஞர் ஹில்பர்ட் 1899இல் புதிதாக எழுதியபோது, இதுபோன்ற சொல்லாமல் விட்ட இடங்கள் அடைக்கப்பட்டன. பதினெட்டு வயதுப் பிள்ளை அதைத் தன் கண்ணால் கண்டுபிடிப்பதும், பாடநூலின் அடிக்குறிப்பில் படிப்பதும் ஒன்றாகுமா? இணைகோடு பற்றிய ஐந்தாவது எடுகோள் ஏன் இவ்வளவு நீளமாக, ஒட்டாமல் இருக்கிறது என்று முதலாண்டில் எழும் சந்தேகத்துக்கு, நான்காம் ஆண்டில், அந்த எடுகோளை மாற்றிவைத்து வேறொரு வடிவக் கணிதத்தையே கட்டிய லோபசெவ்ஸ்கியைப் படிக்கும்போதுதான் பதில் வருகிறது. பிறகு ஐன்ஸ்டைன். பெரெனியலிசம் அறிவை உறையவைக்கிறது என்று எழுதுகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும். பழைய நூலைத் தப்புக் கண்டுபிடிக்கும் அளவுக்கு மரியாதையோடு படிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் கேள்வியால் மட்டும் கற்பிக்க முடியாது என்பது பெரெனியலிஸ்டுகளுக்கும் தெரியும். 1982இல் ஆட்லர் வெளியிட்ட ‘பைதேயா’ திட்டம் பள்ளிக் கல்வியை மூன்று பத்தியாகப் பிரித்தது. முதல் பத்தி, ஆசிரியர் விளக்கித் தரும் அறிவு: வரலாறு, அறிவியல், மொழி. இரண்டாவது, பயிற்சியால் வரும் திறன்: வாசிப்பு, எழுத்து, கணக்கு, அளத்தல். நீச்சல் சொல்லித் தருவதுபோல ஆசிரியர் பக்கத்தில் இருந்து திருத்தித் திருத்திப் பழக்க வேண்டும். மூன்றாவதுதான் செமினார். பள்ளிகள் முதல் பத்தியிலேயே நாளைக் கழித்துவிட்டு, இரண்டாவதைக் குறைத்து, மூன்றாவதை அறவே விட்டுவிடுகின்றன என்பதே அவரது குறை. இரண்டாவது பலமாக இல்லாமல் மூன்றாவதற்குத் தாவினாலும் விழுவோம். சரளமாக வாசிக்க வராத பிள்ளையைச் செமினாரில் உட்காரவைப்பது அவமானப்படுத்துவது.

அதே திட்டத்தில் இன்னொரு கறாரான நிபந்தனை: பன்னிரண்டு ஆண்டும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடத்திட்டம். கெட்டிக்காரர் பிரிவு, தொழிற்கல்விப் பிரிவு என்று பிரிக்கவே கூடாது. சிறந்தவர்களுக்கு எது சிறந்த கல்வியோ அதுவே எல்லாருக்கும் சிறந்த கல்வி என்பது ஹட்சின்ஸ் காலத்திலிருந்து வரும் கொள்கை. பெரெனியலிசத்தை மேட்டுக்குடிக் கல்வி என்று எழுதுகிற கைடுகள் இதைச் சொல்வதில்லை. 1995இல் எழுத்தாளர் எர்ல் ஷோரிஸ், நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் வறுமையில் இருந்த பெரியவர்களுக்கு கிளமென்ட்டே வகுப்பைத் தொடங்கியபோது வாரம் இரண்டு மாலை பிளேட்டோ, கவிதை, கலை வரலாறு, தர்க்கம் எல்லாம் நடத்தினார். வந்துபோக ரயில் டோக்கனும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடும் சேர்த்தே தரப்பட்டன. டோக்கன் இல்லாமல் பிளேட்டோ மட்டும் இருந்திருந்தால் வகுப்பு காலியாகத்தான் இருந்திருக்கும்.

இனி, இந்தத் தத்துவத்தின் பலவீனமான இடம். அது பட்டியல். 1952இல் என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வெளியிட்ட ‘மேற்குலகின் பெருநூல்கள்’ வரிசை: 54 தொகுதி, 74 ஆசிரியர்கள், 443 படைப்புகள். 102 கருத்துகளுக்கு எந்த நூலில் எந்தப் பக்கம் என்று காட்டும் இரண்டு தொகுதி அகராதி வேறு. பெண் ஆசிரியர் ஒருவர்கூட இல்லை. 1990இல் 60 தொகுதியாக விரித்தபோது நான்கு பெண்கள் வந்தார்கள். கறுப்பின எழுத்தாளர் ஒருவரும் அப்போதும் இல்லை. அதற்கு ஆட்லர் சொன்ன சமாதானங்கள் எனக்கு ஏற்புடையவை அல்ல. தவிர, அப்பொலோனியஸின் கூம்பு வெட்டுகளையும் ஃபூரியேவின் வெப்பக் கோட்பாட்டையும் முன்னுரையோ குறிப்போ இல்லாமல், இரண்டு பத்தியாகப் பொடி எழுத்தில் அச்சிட்டு வீடு வீடாக விற்றால் யார் படிக்க முடியும்? மேசை இல்லாமல் பட்டியலை மட்டும் விற்றதால் அது வரவேற்பறை அலமாரிக்கு அலங்காரமாயிற்று. பெரெனியலிசம் பற்றிய தப்பான எண்ணத்துக்கு அந்தத் தோல் அட்டைத் தொகுதிகளுக்கும் பங்கு உண்டு.

ஹட்சின்ஸ் 1936இல் வைத்த வாதமும் ஆட்டம் காண்பதுதான். கற்பித்தல் என்றால் அறிவு, அறிவு என்றால் உண்மை, உண்மை எங்கும் ஒன்று, ஆகவே கல்வியும் எங்கும் ஒன்று என்றார். நிலையான உண்மைகள் இவைதான் என்று முத்திரை குத்துவது யார் என்று மறு ஆண்டே அமெரிக்கக் கல்வித் தத்துவ அறிஞர் ஜான் டூயி கேட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

தேர்வு எழுதுவோருக்காக இரண்டு குழப்பங்களையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து, கணக்கு போன்ற அடிப்படைகளைக் கறாராகக் கற்பிக்க வேண்டும் என்று 1938இல் வில்லியம் பேக்லி முன்வைத்தது எசென்ஷியலிசம். அது சமூகத்துக்கு இன்று தேவையானதைப் பார்க்கிறது. இரண்டையும் ஒரே விடையில் கலக்கக் கூடாது. அதேபோல எல்லாச் சமயங்களின் உள்ளேயும் ஒரே மெய்ஞ்ஞானம் ஓடுகிறது என்று சொல்லும் சமயச் சிந்தனைக்கும் பெரெனியலிசம் என்றே பெயர். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அந்த மரபைச் சேர்ந்தவர். ஹட்சின்ஸ், ஆட்லர் வரிசையில் அவர் பெயரை எழுதினால் மார்க் போகும்.

நம் ஊரில் பழம்பெரும் நூலுக்குக் குறைவில்லை. 1330 குறளையும் ஒப்பிக்கும் மாணவருக்கு அரசு பரிசு தருகிறது; நல்ல காரியம். ஆனால் மனப்பாடம் தொடக்கம்தான். நன்னூல், நூல் பயிலும் முறைகளாக ஏழைச் சொல்கிறது. பாடம் போற்றல், அதாவது மனப்பாடம், அதில் ஒன்று. வினாதலும் வினாயவை விடுத்தலும், அதாவது கேள்வி கேட்பதும் கேட்டதற்கு விடை சொல்வதும், அதே பட்டியலில் இருக்கின்றன. ஆசிரியர் சொன்னதை முழுதாகக் கேட்டாலும் கால் பங்குதான் தேறும், இன்னொரு கால் உடன் பயில்வோரோடு பழகித்தான் வரும் என்றும் கணக்குப் போட்டுத் தந்திருக்கிறார் பவணந்தியார். வாய்மை அதிகாரத்தில் 292ஆம் குறள், ‘பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்கிறது. அடுத்த குறளே, ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்கிறது. நன்மைக்காகச் சொன்ன பொய்யும் நெஞ்சைச் சுடுமா? கெபாலஸிடம் சாக்ரட்டீஸ் கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக் கேள்வி இது. இரண்டையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், உரை நூலை மட்டும் கடைசிவரை மூடி வைத்துக்கொண்டு.

45 பேர் இருக்கும் வகுப்பில், 40 நிமிட பீரியடில் இது நடக்காது என்பார்கள். அப்படியே நடக்காதுதான். இரண்டு பீரியடைச் சேர்த்து வாங்க வேண்டும். பெஞ்சை நகர்த்த முடியாவிட்டால் வராந்தாவிலோ ஹாலிலோ தரையில் வட்டமாக உட்காரலாம். உள்வட்டத்தில் 15 பேர், வெளிவட்டத்தில் 30 பேர். மூன்று வாரத்தில் எல்லாருக்கும் உள்வட்டம் கிடைத்துவிடும். உள்வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் வெளியே இருவர் கவனித்து, எத்தனை முறை பேசினார், எத்தனை முறை வரியைக் காட்டினார், எத்தனை முறை இன்னொருவர் சொன்னதை எடுத்துக்கொண்டு பேசினார் என்று குறிக்க வேண்டும். பாடம் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. முந்தின நாளே கொடுத்து இருமுறை படிக்கச் சொல்லுங்கள்: முதல் முறை நிறுத்தாமல், இரண்டாம் முறை பென்சிலோடு, புரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு. வகுப்பில் முதல் பத்து நிமிடம் சொற்பொருள் மட்டும். பிறகு தொடக்கக் கேள்வியை இருமுறை வாசித்து, ஒரு நிமிடம் எழுதவிட்டு, நாற்பது நிமிடம் பேசவிடலாம். கடைசிப் பத்து நிமிடம் வெளிவட்டத்துக்கு. பாதிப் பேர் படிக்காமல் வந்திருந்தால் அன்று பேச்சு வேண்டாம்; ஆளுக்கொரு பத்தியாகச் சத்தமாகப் படிக்கவைத்து, அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

ஆசிரியர் மடியில் ஒரு தாள் வைத்துக்கொள்ளட்டும். வட்டம் வரைந்து, ஓரத்தில் பெயர்களை எழுதி, ஒருவர் பேச அடுத்தவர் பேச, பெயருக்குப் பெயர் கோடு இழுத்துக்கொண்டே வர வேண்டும். முதல் வாரம் எல்லாக் கோடும் ஆசிரியர் பெயருக்கே வந்து சேர்ந்து, சக்கரத்து ஆரக்கால்போல இருக்கும். நான்காம், ஐந்தாம் வாரத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் சிலந்தி வலைபோல ஆகவில்லை என்றால் ஆசிரியர் இன்னும் அதிகம் பேசுகிறார் என்று அர்த்தம்.

எல்லாம் சரி, மார்க் எப்படிப் போடுவது என்பதுதான் பள்ளிகளில் முதலில் வரும் கேள்வி. செயின்ட் ஜான்ஸில் பருவ முடிவில் ஒரு மாணவரின் டியூட்டர்கள் எல்லாரும் ஒரு மேசையில் கூடி, அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே, ‘அவர் நன்றாகக் கேட்கிறார், ஆனால் எழுத்தில் அவசரப்படுகிறார்’ என்று படர்க்கையில் பேசிக்கொள்கிறார்கள். பிறகு மாணவர் பதில் சொல்கிறார். மதிப்பெண் பதிவேட்டில் இருக்கும், கேட்டால்தான் காட்டுவார்கள். நம் பள்ளிகளில் அவ்வளவு முடியாது. பேச்சுக்கு மார்க் போடாமல் இருந்தாலே போதும். போட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அன்று இரவு வீட்டில் எழுதிவரும் ஒரு பக்கத்துக்குப் பத்து மார்க் போடலாம்: பாடத்தின் வரியைச் சரியாக எடுத்துக்காட்டியதற்கு நான்கு, தன் காரணத்தைத் தெளிவாகச் சொன்னதற்கு மூன்று, தன்னோடு உடன்படாத வகுப்புத் தோழர் சொன்னதை அவரே ஒத்துக்கொள்ளும்படி எழுதியதற்கு மூன்று. கடைசி மூன்று மார்க்கைத் திருத்தும் முன், தாளை அந்தத் தோழரிடம் கொடுத்து, ‘நீ சொன்னது இதுதானா?’ என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
கல்வியியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.